வால்கொழுப்பும் தலைமைப்பண்பும்

தாஷ்கண்டில் தனக்குப் புலாவ் சமைக்கத் தெரியாது என்று ஒப்புக்கொண்ட ஆண்பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை. நிஜமாகவே சமைக்கத் தெரிந்தவனையும் அதிகம் பார்த்ததில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்த இடத்தில்தான் என் பள்ளித்தோழி ஜர்னிகோர் கடை விரித்தாள்.

அதற்கு முன்னால் அவள் வீடு வீடாக ஏறி இறங்கித் தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்றுக்கொண்டிருந்தாள். பிறகு மாஸ்கோக்காரர்கள் யாரோ கணினி வழியாக நடத்திய பயிற்சி ஒன்றில் சேர்ந்து, சான்றிதழ் வாங்கிச் சுவரில் மாட்டி, ‘கொப்பரையைச் சுற்றி’ என்று ஒரு நிகழ்ச்சி ஆரம்பித்தாள். கூடிச் சமைத்தால் தலைமைப்பண்பு வளரும், மனசு லேசாகும், உடம்பு தேறும் என்பது அவள் சொன்ன சேதி. சுத்திகரிப்புக் கருவியைவிட இது நன்றாக விலைபோனது. கருவியென்றால் தண்ணீரை ஊற்றிப் பார்த்துவிடுவார்கள். தலைமைப்பண்பை யார் ஊற்றிப் பார்ப்பது?

நான் அவளிடம் ஒலிபெருக்கி பார்த்துக்கொண்டேன். நடுநடுவே மேளமும் தட்டுவேன்.

நகரத்துக்கு வெளியே கிப்ராயில், கால்வாய் ஓரமாக, செர்ரித் தோப்போடு ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தாள். பல் மருத்துவர்கள், காப்பீட்டுக்காரர்கள், கைப்பேசிக் கடைக்காரர்கள் என்று சனிக்கிழமைதோறும் ஒரு கூட்டம் வந்து இறங்கும். எல்லோருக்கும் சிவப்பு ஏப்ரன் மாட்டிவிடுவாள். ஏப்ரனின் நெஞ்சில் ‘பொறுமை’, ‘நம்பிக்கை’, ‘தொலைநோக்கு’ என்று ஒரு குணம் அச்சடித்திருக்கும். கேரட் நறுக்குவது பொறுமைப் பயிற்சி. வெங்காயம் நறுக்குவது மனப்பாரம் இறக்குவதற்கு. “அழுங்க, அடக்கி வைக்காதீங்க, நல்லா அழுங்க” என்று காதோரம் மாட்டிய ஒலிவாங்கியில் குழைந்து குழைந்து சொல்வாள். வெங்காயத்துக்கு அழ ஆரம்பித்துக் கடைசியில் மாமியாருக்காக அழுத பெண்களை நானே கண்டிருக்கிறேன்.

அரிசி போட்டு மூடி வைத்ததும் முக்கியமான கட்டம் வரும். “இப்ப மூடிய யாரும் தொடக் கூடாது. இதுக்குப் பேருதான் நம்பிக்கை” என்று சொல்லிவிட்டு, மொத்தக் கூட்டத்தையும் தோப்புக்குக் கூட்டிப்போய்க் கண்ணை மூடி உட்கார வைத்து மூச்சை இழுக்கவும் விடவும் சொல்வாள்.

அந்த நேரத்தில் கார் கொட்டகைக்குப் பின்னாலிருந்து எர்காஷ் வருவார்.

எர்காஷ் கல்யாணச் சமையல்காரர். இதே அளவுக் கொப்பரையில், இதே சாமான்களை வைத்து, கொட்டகைக்குப் பின்னால் காலையிலிருந்து ஒரு புலாவ் செய்துகொண்டிருப்பார். நானும் அவருமாகத் தள்ளுவண்டியில் கொப்பரையை மாற்றிவிடுவோம். கூட்டத்தார் சமைத்த குழைசல் வீட்டுக்காரருடைய வான்கோழிகளுக்குப் போகும். தோப்பிலிருந்து திரும்பி வந்து மூடியைத் திறந்தால், ஒன்றோடொன்று ஒட்டாமல், செம்மறியாட்டின் வால்கொழுப்பில் மினுங்கிக்கொண்டு சோறு நிற்கும். மேலாளர்கள் கீழே வேலை செய்பவர்களைக் கட்டிப் பிடித்துக்கொள்வார்கள். ‘எனக்குள் இருந்த தலைவனைக் கண்டுகொண்டேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்தத் தோப்பில் உடம்பு தேறியது வான்கோழிகளுக்கு மட்டும்தான்.

ஜர்னிகோருக்குத் தேறவில்லை. ‘நலமே தலைமை’ என்று மேடையில் சொல்லுவாள், இறங்கி வந்து வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொள்ளுவாள். எர்காஷின் புலாவில் ஒரு வாய்கூட அவள் வைத்துப் பார்த்ததில்லை. என்றைக்காவது மாட்டிக்கொள்வோம் என்ற பயம் அவள் வயிற்றிலேயே குடியிருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் மிர்வாஹித் கூப்பிட்டார். நகரத்தின் தெற்கு ஓரத்தில் தரை ஓடு செய்யும் தொழிற்சாலை வைத்திருப்பவர். ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக வேலையை விட்டுக் கொரியாவுக்கும் ரஷ்யாவின் கசானுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள்.

“ஏன் போறாங்கன்னு கேட்டுப் பாத்தீங்களா, அகா?” என்றாள் ஜர்னிகோர். அகா என்றால் எங்களுக்கு அண்ணன்.

“அவங்களக் கேட்டா என்ன தெரியும்? நான் சொல்றேன் கேளு. ஒத்துமை இல்ல. தலைவன் பின்னாடி நிக்கத் தெரியல. நீ அத சொல்லிக் குடு.”

“தலைமைப்பண்பு எல்லாருக்குள்ளயும் இருக்கு, அகா. அத வெளிய கொண்டு வர்றதுதான் எங்க நிகழ்ச்சி.”

“எல்லாருக்குள்ளயும் வேணாம். எனக்குள்ள இருக்கறதே போதும். அத அவங்க பாக்கணும், அவ்வளவுதான்.”

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை பேருந்தில் வந்து இறங்கினார்கள். முப்பது பேருக்கு மேல் இருக்கும். முன்னால், தன் காரில் வந்த மிர்வாஹித்; பெரிய தொந்தி, அதைவிடப் பெரிய குரல். அவர் பின்னால் மூன்று துணை மேலாளர்கள், வாத்துக்குஞ்சுகள் மாதிரி ஒரே வரிசையில். ஏப்ரன் கொடுத்தபோது மிர்வாஹித் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார். ‘தலைவர்’ என்று எதிலும் இல்லை. கடைசியில் ‘தொலைநோக்கு’ என்பதை எடுத்துக்கொண்டார். அது அவர் வயிற்றைச் சுற்றி எட்டவில்லை, அதனால் தோளில் போட்டுக்கொண்டார்.

கேரட் நறுக்கும் இடத்தில் உலைப்பிரிவுப் பெண்கள் உட்கார்ந்தார்கள். அவர்களில் மூத்தவள் சபோஹத். மிர்வாஹித்தின் அப்பா காலத்திலிருந்தே அங்கே வேலை செய்கிறவள். மிர்வாஹித்தே அவளை ‘ஓபா’ என்று அக்கா முறை வைத்துத்தான் கூப்பிடுவார். அவள் ஏப்ரனில் ‘பொறுமை’ என்று இருந்தது.

“கேரட்ட நறுக்கும்போது உங்களுக்குள்ள என்ன தோணுதுன்னு கவனிங்க” என்றாள் ஜர்னிகோர்.

“வாரத்துல ஆறு நாள் ஆலை, ஏழாவது நாள் வீட்டுல இதே கேரட்டு” என்றாள் சபோஹத், தலை நிமிராமல். “என்ன தோணும்? ஆம்பளைங்க எங்கன்னு தோணுது.”

ஆம்பிளைகள் கொப்பரையைச் சுற்றி நின்றார்கள். வால்கொழுப்பு உருகும்போதே மிர்வாஹித் ஜல்லிக்கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார். அதன் பிறகு அவர் அதைக் கீழே வைக்கவே இல்லை. வெங்காயம் கருகியது. “இது சமர்கந்துப் பக்குவம்” என்றார். கறி அடியில் பிடித்துக்கொண்டது. “இப்படித்தான் பிடிக்கணும்” என்றார். தண்ணீர் ஊற்றியதும் முதல் துணை மேலாளரைப் பார்த்து, “உப்பு போட்டாச்சா?” என்று அதட்டினார்.

போடவில்லை என்று அவரிடம் சொல்லிப் பழக்கமில்லாத மனிதன் அவன். “போட்டாச்சு அகா” என்று சொல்லிவிட்டு, அவர் திரும்பிய நேரம் பார்த்து ஒரு கை அள்ளிப் போட்டான். சற்று நேரம் கழித்து இரண்டாமவனிடம் அதே கேள்வி, அதே பதில், இன்னொரு கை. மூன்றாமவன் எப்போதுமே கொஞ்சம் கூடுதல் விசுவாசி. அவன் இரண்டு கை போட்டான். இதையெல்லாம் சுற்றி நின்றவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். எங்களுக்கென்ன, எப்படியும் மாற்றப்போகிற கொப்பரைதானே.

அரிசி போட்டு மூடினார்கள். ஜர்னிகோர் கை தட்டினாள். “இப்ப எல்லாரும் தோப்புக்கு வாங்க. மூடிய நம்புவோம்.”

எல்லோரும் நகர்ந்தார்கள். மிர்வாஹித் நகரவில்லை.

“அகா, நீங்களும்.”

“நான் எதுக்கு? எனக்கு மூச்சு நல்லாத்தான் வருது.”

“தலைவர் இல்லாம எப்படி, அகா?”

“அதேதான் நானும் சொல்றேன். தலைவன் கொப்பரைய விட்டுப் போவானா?” என்று பலகைக்கட்டிலைக் கொப்பரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நம்பிக்கைப் பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போதே மூடியைத் திறந்து ஒரு கிண்டு கிண்டி மூடினார். அரிசி போட்டபின் கிண்டக் கூடாது என்பது எங்கள் ஊரில் பூனைக்கும் தெரியும்.

ஜர்னிகோரின் முகம் வெளுத்துவிட்டது. என்னிடம் ஓடி வந்தாள்.

“ஏதாவது பண்ணு. மேளத்தத் தட்டு. ஆடக் கூப்பிடு.”

மேளம் தட்டினேன். மிர்வாஹித் உட்கார்ந்த இடத்திலேயே தோளைக் குலுக்கினார். தேநீர் உள்ளே வைத்திருக்கிறது என்றேன். இங்கேயே கொண்டு வா என்றார். அவர் காருக்குப் பின்னால் யாரோ வண்டியை நிறுத்தி மறைத்துவிட்டார்கள் என்று பொய் சொன்னேன். சாவியை என்னிடமே எறிந்தார். கொட்டகைக்குப் பின்னாலிருந்து எர்காஷ் ஒருமுறை விசிலடித்தார். இரண்டாம் முறை அடித்தார். மூன்றாம் முறை அடித்தபோது மிர்வாஹித் தலையைத் தூக்கி, “இங்க என்ன குயிலு கூவுது?” என்றார்.

கடைசியில் அவரே மூடியைத் திறந்தார். கூட்டம் தோப்பிலிருந்து வந்து சுற்றி நின்றது. உள்ளே இருந்ததைப் புலாவ் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேலே கஞ்சி, நடுவில் களி, அடியில் கரி. பெரிய தட்டுகளில் வாரி வைத்தார்கள். மிர்வாஹித் முதல் பிடி எடுத்து வாயில் போட்டார். ஒரு கணம் அவர் கண்ணில் தண்ணீர் கட்டியது. மென்றார். விழுங்கினார். ஜர்னிகோர் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அருமை” என்றார் மிர்வாஹித்.

“அருமை” என்றார்கள் மூன்று துணை மேலாளர்களும், தட்டைத் தொடுவதற்கு முன்பே.

ஆனால் அவர் அதோடு விடவில்லை. எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு, மரியாதைக்குரியவன் தன் கையால் பிடித்து அடுத்தவன் வாயில் ஊட்டுவான். மறுப்பதற்கில்லை. மிர்வாஹித் எழுந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, வரிசையாக ஊட்ட ஆரம்பித்தார். முதலாமவன் விழுங்கினான். இரண்டாமவன் விழுங்கிவிட்டுத் தேநீர்க் கிண்ணத்தைத் துழாவினான். விசுவாசி மூன்றாமவன் கண்ணை மூடிக்கொண்டு, “இன்னொரு வாய், அகா” என்றான். கிடங்குக்காரன், மின்சாரக்காரன், ஓட்டுநர் என்று எல்லோரும் வாயைத் திறந்தார்கள், ‘அருமை’ என்றார்கள். நான் வாங்கிய பிடியில் உப்பு பல்லில் நறநறத்தது.

ஜர்னிகோர் முன்னால் ஒரு தட்டு நகர்ந்து வந்தது. “நீ சொல்லு டீச்சர். எப்படி?”

அவள் ஒரு விரல் நுனி எடுத்து நாக்கில் வைத்தாள். “சத்தியமாச் சொல்றேன் அகா, இப்படி ஒரு புலாவ என் வாழ்நாள்ல சாப்பிட்டதில்ல.”

“கேட்டீங்களா? இத்தன நிகழ்ச்சி நடத்துறவங்க சொல்றாங்க!”

அன்றைக்கு அவள் பார்வையிலேயே தெரிந்தது, அவளுக்குள் ஏதோ உடைந்துவிட்டது. அப்புறமாக என்னிடம் சொன்னாள்: “இவ்வளவு நாள் எர்காஷ் அகாவ ஒளிச்சு வெச்சேன் பாரு, அது வீண். மண்ண அள்ளிக் கொப்பரையில போட்டிருந்தாலும் போதும். மேல உக்காந்திருக்கிறவன் நல்லாருக்குன்னா முடிஞ்சுது.”

ஆனால் வாய்தான் ‘அருமை’ என்று சொல்லும், வயிறு சொல்லாது. காற்று கொட்டகைப் பக்கத்திலிருந்து திரும்பியது. சீரகமும் பூண்டும் வால்கொழுப்பும் கலந்த வாசனை மெதுவாக மேசைமேல் வந்து உட்கார்ந்தது. முதலில் மின்சாரக்காரன் துர்குன் மூக்கைச் சுளித்தான். “கை கழுவிட்டு வரேன்” என்று எழுந்தான். திரும்பி வரவில்லை. அப்புறம் கிடங்குக்காரன் கை கழுவப் போனான். உலைப்பிரிவுப் பெண்கள் சேர்ந்தாற்போல் எழுந்து போனார்கள். ஓட்டுநர் பேருந்தின் சக்கரத்தைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னான். துணை மேலாளர்களில் ஒருவனுக்கு ஒலிக்காத கைப்பேசியில் அழைப்பு வந்தது.

நானும் போய்ப் பார்த்தேன். கொட்டகைக்குப் பின்னால், பழைய டயர்கள்மேலும் தலைகீழாகக் கவிழ்த்த வாளிகள்மேலும் மொத்தத் தொழிற்சாலையும் உட்கார்ந்திருந்தது. எர்காஷ் நடுவில் நின்று அள்ளி அள்ளி வைத்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் அவர் புலாவைத் தின்றவர்கள் அவரவர் தங்களைத்தான் மெச்சிக்கொண்டார்கள். அன்றைக்குத்தான் அவர் முகத்தைப் பார்த்து, “கை மணக்குது அகா” என்று யாரோ சொன்னார்கள். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

“எர்காஷ் கை பட்டா கல்லும் வேகும்டா!” என்று கரண்டியை ஆட்டினார். “சாப்பிடு, சாப்பிடு!”

வயிறு நிறைய நிறையப் பேச்சு வந்தது. விசுவாசி, மிர்வாஹித் ஊட்டுவதுபோல் தொந்தியைத் தள்ளி நடித்துக் காட்டினான். யாரும் எதிர்பார்க்கவில்லை, பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கொரியா விசாவுக்கு எழுதிக் கொடுத்திருப்பதாகத் துர்குன் முதல்முறையாக வெளியே சொன்னான். “ஏன்டா போற?” என்று கேட்டதற்கு, “உலைக்கூடத்துல மூச்சு முட்டுது, காத்தாடி கெட்டுப்போய்க் கிடக்குது, அவருகிட்ட யாரு சொல்றது?” என்றான். நீ சொல், நீ சொல் என்று ஆரம்பித்துப் பேச்சு தடித்துக்கொண்டிருந்தபோது, எதிரே இருந்தவர்கள் சட்டென்று அமைதியானார்கள்.

மிர்வாஹித் வந்து நின்றார். பின்னால் ஜர்னிகோர், தூக்குமேடைக்குப் போகிறவள் மாதிரி.

பாதிப் பேர் கையில் பிடி அப்படியே நின்றது. மிர்வாஹித் கொப்பரையைப் பார்த்தார். எர்காஷைப் பார்த்தார். தன் ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். மூக்கு விடைத்தது. பிறகு குனிந்து, கொப்பரையிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தின்றார். நிதானமாக மென்றார்.

“உப்பு கம்மி” என்றார்.

“ஆமா அகா, கம்மிதான்” என்று மூன்று குரல் ஒன்றாக எழுந்தது.

இடுப்பில் கை வைத்து, திட்டுவதற்காக அவர் மூச்சை இழுத்தார். அந்த மூச்சு எங்களுக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும்; எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்போதுதான் சபோஹத் எழுந்தாள். தட்டிலிருந்து கறியும் பூண்டுமாக ஒரு பெரிய பிடி பிடித்தாள்.

“வாயத் திற, தம்பி. அக்கா கையால ஒரு வாய்.”

மூத்தவள் கை வாய்க்கு நேரே வந்தபிறகு முடியாது என்பதற்கு எங்கள் ஊரில் சொல்லே கிடையாது. இழுத்த மூச்சோடு வாயைத் திறந்தார். அவள் திணித்தாள். கன்னம் இரண்டும் உப்பியது.

“உலைக்கூடத்துக் காத்தாடி பனி பெய்யறப்பலேருந்து ஓடல” என்றாள் சபோஹத். “சரி பண்ணிரலாமா?”

அவர் ஏதோ சொல்ல முயன்றார். சோறுதான் முன்னால் நின்றது. மிர்வாஹித் கத்துவார், அதட்டுவார், ஆனால் வாயில் அன்னத்தை வைத்துக்கொண்டு பேச மாட்டார். அந்த மட்டும் நல்ல வளர்ப்பு. மென்றுகொண்டே தலையை ஆட்டினார். அது சரி என்றா, சாப்பாடு நன்றாக இருக்கிறது என்றா, அவருக்கே தெரிந்திருக்காது.

“சரின்னுட்டாரு” என்றாள் சபோஹத். “எல்லாரும் பாத்தீங்கல்ல?”

“பாத்தோம்!” என்றது கூட்டம். ஒரு வாளியை யாரோ அவருக்காகத் துடைத்துப் போட்டார்கள். அவர் உட்கார்ந்தார். உப்பு கம்மியான அந்தப் புலாவில் மூன்று தட்டு காலி செய்தார்.

ஜர்னிகோர் கொஞ்ச நேரம் சுவரோரமாக நின்றாள். எர்காஷ் அவளைப் பார்த்து, “என்ன டீச்சர், இன்னுமா நிக்கிறீங்க?” என்று ஒரு தட்டை நீட்டினார். அவள் ஒரு டயர்மேல் உட்கார்ந்தாள். காதிலிருந்து ஒலிவாங்கியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். அன்றைக்கு அவள் மாத்திரை தேடவில்லை. அதை அவளே கவனிக்கவில்லை, நான்தான் கவனித்தேன்.

திங்கட்கிழமை துர்குன் காத்தாடியைக் கழற்றிப் புது மோட்டார் போட்டுவிட்டான். மிர்வாஹித் உலைக்கூடத்துக்குள் வந்தவர் காற்று பட்டதும் நின்றாராம்.

“யாரு போடச் சொன்னது?”

“நீங்கதான் அகா. சனிக்கிழமை தலையாட்டினீங்க.”

கொஞ்சம் யோசித்தார். “ஆமா, நான்தான்” என்றார். பெருமையோடு கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

அதற்குப் பிறகு தொழிற்சாலையில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மதியம் யாராவது ஒரு பிரிவு சமைக்கும், முதலாளியைக் கூப்பிட்டு நடுவில் உட்கார வைக்கும். வாய் நிறைந்ததும் கேட்க வேண்டியதைக் கேட்பார்கள். இப்படியே பெண்களுக்கு உடைமாற்றும் அறை வந்தது, ஓட்டுநருக்கு ஞாயிறு விடுப்பு வந்தது. துர்குன் கொரியாவைத் தள்ளிப் போட்டான். மிர்வாஹித்துக்கு இடுப்பு இரண்டு சுற்றுப் பெருத்தது. ‘என் தலைமையின் கீழ் ஒற்றுமை பெருகியது’ என்று ஜர்னிகோருக்குப் பாராட்டு எழுதி அனுப்பினார். அவள் அதைச் சுவரில் மாட்டினாள்.

எர்காஷ் அந்தச் சனிக்கிழமையோடு வேலையை விட்டுவிட்டார். “மறைஞ்சு நின்னு சமைக்க நான் என்ன ஆட்டுத் திருடனா?” என்றார். வேறு வழியில்லாமல் ஜர்னிகோர் கொப்பரையை மாற்றுவதை நிறுத்தினாள். வெந்தால் வெந்தது, கருகினால் கருகியது, செய்தவர்களே தின்ன வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். இத்தோடு வியாபாரம் முடிந்தது என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம். ஒரு காப்பீட்டுக்காரர் களியைத் தின்றுவிட்டு, “தோல்விய ருசிக்கறதுக்கு இப்படி ஒரு பயிற்சி இருக்கறதே தெரியாதே!” என்று உருகினார். அடுத்த மாதமே அவள் கட்டணத்தை உயர்த்தினாள். என் தோழிதான், என்ன செய்ய.

இலையுதிர் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மிர்வாஹித் எங்கள் இருவரையும் தொழிற்சாலைக்கு விருந்துக்கு அழைத்தார். உலைப்பிரிவுக்காரர்கள் சமைத்திருந்தார்கள், நன்றாகவே இருந்தது. எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த தைரியத்தில் ஜர்னிகோர் கேட்டுவிட்டாள்:

“அகா, கோவிச்சுக்காதீங்க. அன்னைக்கு நீங்க பண்ண புலாவ்ல உப்பு அதிகம்தானே?”

மிர்வாஹித் மென்றுகொண்டிருந்தார். மென்று முடித்து, தேநீர் ஒரு வாய் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, தன் ஆட்களைப் பார்த்தார்.

“அதிகம்னா அதிகம்னு அன்னைக்கே சொல்றதுக்கு என்ன? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?”

சபோஹத்தான் தட்டைச் சுற்றிச் சோற்றைக் கூட்டிக்கொண்டே சொன்னாள்:

“அன்னைக்கு உன் வாய் காலியா இருந்துச்சு, தம்பி.”

அவர் முகம் சிவந்தது. ஏதோ சொல்வதற்காக வாயைத் திறந்தார். மேசையின் நான்கு பக்கத்திலிருந்தும் நான்கு கைகள் பிடி பிடித்துக்கொண்டு நீண்டன.